வெறும் வயிற்றில்

ஆயிரத்து நானூறு என்கிறது வண்டியின் கையேடு.
நூறு கூடலாம், நூறு குறையலாம்.
சும்மா நிற்கையில் என்ஜின்
நிமிடத்துக்கு இத்தனை சுற்று சுற்ற வேண்டும்,
எங்கும் போகாமல்.

என்னுடையது விடியலில் ஆயிரத்தைத் தொடாது.
கானாடுகாத்தானில் ஐந்தே முக்காலுக்கு
சோக்கை இழுத்துவிட்டு
ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே நிற்பேன்,
கையை எடுத்தால் இருமி அணைந்துவிடும்.
பத்து மணி வெயிலில் அதுவே
ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு என்று
யாரும் கேட்காததற்கெல்லாம் கத்தும்.

பின் சீட்டில் ஐஸ் பெட்டி.
இன்றைக்கு முப்பத்தொரு குழாய்,
சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி.
எட்டரைக்குள் காரைக்குடி லேபில் இறக்கியாக வேண்டும்.
தாமதமானால்
குழாயில் கிடக்கும் ரத்தம்
தன் சர்க்கரையைத் தானே தின்றுவிடும் என்பாள் ரஹ்மத் நிஷா.
சாம்பல் மூடியில் மருந்து இருக்கிறதாம், கொஞ்சம் தாங்கும்.
உடம்பை விட்டு வந்த பிறகும்
நின்ற இடத்தில் ஓடிக்கொண்டு
எண்ணெய் குடிக்கிறது ரத்தம்.
இதைக் கேட்ட நாளிலிருந்து
நான் வழியில் டீக்கு நிற்பதில்லை.

அப்புறம் அந்த ஆரஞ்சு விளக்கு.
பக்க ஸ்டாண்டில் சாய்த்தால் எரியும்,
நிமிர்த்தினால் அணையும்.
மேடு ஏறும்போது எரிந்து
இறங்கும்போது ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.
எரிந்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தேன்.
நாற்பத்து மூன்று.
அறுபத்தொன்று.
அதற்கடுத்து இருபத்தெட்டு,
புதுவயல் ரைஸ்மில் வாசலில்
உமி மேலெல்லாம் ஒட்ட
பெட்டியோடு தள்ளினேன்.

அடைக்கலம் பல்பைத் தட்டிப் பார்த்தார்.
“டேங்குக்குள்ள ஒரு மிதவை கெடக்குப்பா.
பெட்ரோலு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் சாயும்.
அதுக்கு என்ன தெரியும், நீ எவ்வளவு தூரம் போகணும்னு?”
ஸ்க்ரூவைக் கால் திருகு வலப்புறம் வைத்தார்.
சாவியைத் திருப்பியதும்
எல்லா விளக்கும் ஒருதரம் எரிந்து அணைகிறதல்லவா,
அதை மட்டும் தினம் பார்க்கச் சொன்னார்.
அப்போதும் எரியாவிட்டால்தான் பயப்படணுமாம்.

ஆறு இரவு
நாலு நாலு முறை எழுந்தேன்.
சொம்புத் தண்ணீர் போதவில்லை.
ஏழாம் இரவு எழவில்லை,
அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.
எட்டாம் இரவு ஐந்து முறை.

முப்பத்தொன்றாவது குழாய் என்னுடையது.
பள்ளத்தூரில் செல்வராணி குத்தினாள்.
பெயர் கேட்டாள்.
அடைக்கலம் என்றேன்.
மூன்று வருடமாக என்னைத் தெரிந்தவள்
சிரிக்காமல் அதையே எழுதினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டார்கள்.
நான் அணைக்கவில்லை,
அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ.
முன்னால் நின்ற வேன்காரர் திரும்பிப் பார்த்தார்,
முயல் பொம்மைப் பையை மாட்டிய பிள்ளையும் பார்த்தது.
முள் ஆயிரத்து நானூறில் அசையாமல் நின்றது,
வாங்கிய நாள் முதல் இல்லாத அழகாய்.
அதற்குக் கீழேயே ஆரஞ்சு விளக்கு.
சாய்க்கவில்லை,
மேடும் இல்லை.

ரயில் போய்
கேட் தூக்கியதும் ஐம்பது ரூபாய்க்குப் போட்டேன்.
போட்டபின்னும் விளக்கு உடனே அணையவில்லை,
கொஞ்ச தூரம் யோசித்தபடியே வந்தது.

லேபில் ரஹ்மத் நிஷா
ஒவ்வொரு குழாயாய் எடுத்து லேபிளைப் படித்தாள்.
“அடைக்கலம், வயசு நாப்பத்தொண்ணு?
நம்ம மெக்கானிக்குக்கு அறுபது தாண்டியிருக்குமே!”
வேற ஆளு என்றேன்.
குழாயை வெளிச்சத்தில் பிடித்து
என்னையும் ஒருமுறை பார்த்து
மிஷினில் செருகினாள்.

நாற்பது நிமிடம் ஆகுமாம்.
வாசலில் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது,
சாவியை எடுக்க மறந்திருந்தேன்.
பெஞ்சில் உட்கார்ந்து
காதாலேயே எண்ணப் பார்த்தேன்.
ஆயிரத்து முந்நூறு இருக்கும்.
இல்லை,
கொஞ்சம் கூட.